தீர்ப்பில் 56 கோடி டாலர், கையில் 23 லட்சம்: பிகினித் தீவினர் வழக்கு பற்றிய கேள்வி பதில்

பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. வீடிழந்த தீவினர் இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். சட்டம் பற்றிய பதில் நீண்டுவிட்டது. பழைய சட்ட ஆசிரியனின் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிகினி என்பது நீச்சலுடை அல்லவா?

முதலில் ஊர், பிறகுதான் உடை. மார்ஷல் தீவுகளில் ஒன்று பிகினி. 1946 ஜூலை 1 அன்று அங்கே முதல் குண்டு வெடித்தது. நான்கு நாள் கழித்துப் பாரிஸில் ஒருவர் தம் புது நீச்சலுடைக்கு அந்தப் பெயரை வைத்தார்.

மக்கள் சம்மதித்துத்தானே வெளியேறினார்கள், ஐயா?

1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்தவர்களை உட்காரவைத்து, கடற்படை அதிகாரி பென் வயட் பேசினார். மனிதகுல நன்மைக்காகவும் போர்களையெல்லாம் ஒழிப்பதற்காகவும் தீவைக் கொஞ்ச காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். தீவினரின் தலைவர் ஜூடா, எல்லாம் கடவுள் கையில் என்று பதில் சொன்னார். சோதனைக்கு இடம் பிகினி என்பது ஜனவரியிலேயே முடிவாகியிருந்தது. இதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டவர்களை என்ன சொல்வது? 167 பேரைக் கொண்டுபோய் ரோங்கெரிக் என்ற வேறு தீவில் இறக்கினார்கள். அங்கே பட்டினி. 1948இல் கிலி என்ற தீவுக்கு மாற்றினார்கள். காயல் மீனை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் காயலே இல்லாத தீவு.

இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே, திரும்பிப் போனால் என்ன?

போனார்கள். ஆபத்தில்லை என்று சொல்லப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் குடியேறின. 1978இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். காரணம் தென்னை. அது சாம்பல்சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு, ஏங்குகிற மரம் என்று நம் தோப்புக்காரர்களுக்குத் தெரியும். பவள மணலில் அந்தச் சத்து மிகக் குறைவு. குண்டு விட்டுச்சென்ற சீசியம்-137 என்ற கதிர்வீச்சுப் பொருள் வேதியியலில் பொட்டாசியத்தின் பங்காளி. ஆள் மாறியது தெரியாமல் மரம் அதை வேரால் உறிஞ்சி, இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவிடுகிறது. பொட்டாஷ் உரம் போட்டால் உறிஞ்சுவது வெகுவாகக் குறையும் என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். உரத்தை நம்பி ஒரு ஊர் குடியேற வேண்டிய நிலை!

பிகினி மக்கள் மட்டும்தான் பாதிக்கப்பட்டார்களா?

இல்லை. 1954 மார்ச் 1 அன்று வெடித்த பிராவோ குண்டு, ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. கிழக்கே இருந்த ரோங்கெலாப்பில் வெள்ளைத் தூள் பொழிந்தது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். அழைத்துப்போகக் கப்பல் வர இரண்டு நாள் ஆனது.

இழப்பீடு கொடுத்துவிட்டதாக அமெரிக்கா சொல்கிறதே?

சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. மார்ஷல் தீவுகளோடு செய்து, 1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அமெரிக்கா 15 கோடி டாலர் நிதி வைத்தது. பதிலுக்கு, நேற்றைய, இன்றைய, நாளைய கோரிக்கைகள் எல்லாம் இதோடு தீர்ந்தன என்று எழுதி வாங்கியது. சேதத்தை மதிப்பிட ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. கவனியுங்கள்: முதலில் பை, பிறகுதான் கணக்கு. அந்தத் தீர்ப்பாயம் நேர்மையாக வேலை செய்தது என்பேன். குறிப்பிட்ட நோய்கள் வந்தவர், சோதனைக் காலத்தில் அங்கே வாழ்ந்திருந்தால் போதும். கதிர்வீச்சால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. மண்ணைச் சுத்தம் செய்யும் அளவுகோலாக, அமெரிக்கா தன் சொந்த மண்ணுக்கு வைத்திருந்த வரம்பையே எடுத்துக்கொண்டது. 2001இல் பிகினிக்கு 56 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. தீர்ப்புகளை நிறைவேற்ற அந்த நிதியிலிருந்து அதன் கையில் இருந்ததோ, எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து 4.575 கோடி. பிகினிக்குக் கிடைத்தது சுமார் 23 லட்சம். மிச்சத்தைக் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 2000இல் போன மனுவை அந்நாட்டு அரசு 2005இல் ஏற்க மறுத்தது. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பிகினி மக்கள் தொடுத்த வழக்கை எடுக்கவில்லை.

கொடுத்த பணத்தை அவர்களே கரைத்துவிட்டார்களாமே?

உண்மை உண்டு. பிகினி மக்களின் மீள்குடியேற்ற நிதியின் மேற்பார்வையை 2017இல் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அப்போது இருந்த சுமார் 5.9 கோடி டாலர் சில ஆண்டுகளில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். அதனால் பாக்கி இல்லாமல் போய்விடுமா?

உலக நீதிமன்றத்துக்குப் போகலாமே?

2014இல் மார்ஷல் தீவுகள் நாட்டினர் போனார்கள், ஆனால் இழப்பீடு கேட்டு அல்ல. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளும் ஆயுதக் குறைப்புக்கு உண்மையாகப் பேசவில்லை என்பது வழக்கு. முன்னின்றவர் வெளியுறவு அமைச்சர் டோனி டிப்ரம். ஒன்பது வயதில், தாத்தாவோடு மீன் பிடிக்கப் போன இடத்தில் பிராவோவின் வெளிச்சத்தைக் கண்டவர். இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீது மட்டுமே விசாரணை நகர்ந்தது. பிராவோவுக்கு அடுத்த மாதமே சோதனைகளை நிறுத்தச் சொன்னவர் நேரு. அவருடைய நாடு எதிர்த்தரப்பில் நின்றது எனக்கு உறுத்தல். 2016இல் மூன்றும் தள்ளுபடி. பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு; நீதிமன்றத் தலைவரின் கூடுதல் வாக்கால் தோற்றார்கள்.

அமெரிக்கா மீது அவர்களுக்கு வெறுப்பு இருக்குமே?

பிகினி மக்களின் கொடியைப் பாருங்கள். தூரத்திலிருந்து அமெரிக்கக் கொடி என்றே தோன்றும். அமெரிக்கா தங்களுக்குப் பட்ட கடனை நினைவூட்ட வேண்டுமென்றே அப்படிச் செய்தது. 23 வெள்ளை நட்சத்திரங்கள் அவர்களுடைய தீவுத்திட்டுகள். வலப்பக்கம் மேலே மூன்று கறுப்பு நட்சத்திரங்கள், பிராவோவில் மறைந்துபோன மூன்று திட்டுகள். கீழே இரண்டு கறுப்பு நட்சத்திரங்கள், இப்போது அவர்கள் வாழும் கிலியும் எஜிட்டும். கூடவே மார்ஷல் மொழியில் ஒரு வரி: ஜூடா அன்று வயட்டிடம் சொன்ன அதே பதில்.