வாசகர் கேள்வி: கையடக்க ஸ்கேனர் இருந்தால் மைக்ரோமீற்றர் வேண்டாமா?

கேள்வி: கல்முனையில் லேத், வெல்டிங் வேலைத்தளம் நடத்துகிறோம். நெல் ஆலைகளுக்கான இரும்புச் சட்டகங்களையும் பெரிய வார்ப்புப் பாகங்களையும் செய்து கொடுக்கிறோம். கரும்பு ஆலை உருளைகளைப் பழுதுபார்க்கும் வேலையையும் ஏற்க எண்ணியுள்ளோம். கையில் பிடித்து அளக்கும் லேசர் ஸ்கேனர் ஒன்றை வாங்கினால் வேர்னியரும் மைக்ரோமீற்றரும் தேவைப்படா என்று விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கூறுகிறார். நம்பலாமா?
- வாசகர், கல்முனை

பதில்: ஸ்கேனரை நம்பலாம், மைக்ரோமீற்றரை ஒதுக்கிவிடலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இக்கருவி பொருளின் மீது லேசர் கோடுகளை வீசுகிறது. அக்கோடுகள் மேற்பரப்பில் வளையும் விதத்தை அதன் கமராக்கள் பார்க்க, முக்கோணக் கணிப்பின் மூலம் ஒவ்வொரு புள்ளியின் இடமும் பெறப்படுகிறது. சேர்ந்த இலட்சக்கணக்கான புள்ளிகளைக் கணினி வரைபடத்தோடு பொருத்தினால், எங்கே மிகை, எங்கே குறை என்பது நிறங்களாகத் தெரியும்.

உங்கள் தொழிலில் இதன் பெரும்பயன் வார்ப்புகளில்தான் என்பது என் கருத்து. கனமான வார்ப்பொன்றை லேத்தில் ஏற்றிக் கடைந்துகொண்டு போகையில் ஒரு பக்கத்தில் உலோகம் போதாதென்று தெரியவந்தால், கூலியும் இரும்பும் வீண். ஏற்றுமுன்பே ஸ்கேன் செய்தால், கடைசலுக்கு விட்ட மிகை எல்லாப் பக்கமும் இருக்கிறதா, இல்லையேல் மையத்தைச் சற்று நகர்த்திப் பாகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதைத் திரையிலேயே பார்த்து முடிவெடுக்கலாம். வெல்டிங் சூட்டில் முறுகிய சட்டகங்களுக்கும், உருளைகளில் தேய்ந்துபோன பள்ளங்களுக்கும் இது அவ்வாறே உதவும்.

பெயாரிங் அமரும் இடம் வேறு கதை. 100 மில்லிமீற்றர் துளைக்கு H7 என்னும் நியம அளவுத் தரத்தில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 0.035 மில்லிமீற்றர் மட்டுமே. நல்ல கையடக்க ஸ்கேனரின் பிழையே 0.02 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை வரக்கூடும். பொருள் பெரிதாகப் பெரிதாக அது கூடும். அளக்கும் கருவியின் பிழை, அனுமதித்த வித்தியாசத்தில் பத்திலொன்றைத் தாண்டக் கூடாது என்பது பட்டறைகளின் பழைய விதி; அதன்படி இங்கே ஸ்கேனர் போதாது, மைக்ரோமீற்றரே வேண்டும். வார்ப்பினுள் ஒளிந்திருக்கும் காற்றுக்குழிகளையும் ஸ்கேனர் காணாது; அதற்கு மீயொலிச் சோதனை வேண்டும். பளபளக்கும் கடைசல் பரப்பில் கருவி தடுமாறினால் வெண்பொடி தெளிக்க நேரும். பொடியின் தடிப்பும் அளவில் சேரும்.

நம் பகுதிக்குரிய ஒன்றை விற்பவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். பொறியியல் வரைபடங்களின் அளவுகள் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவை. கரையோரப் பட்டறையிலோ பகலில் 32 பாகை சாதாரணம். அந்த 12 பாகை வித்தியாசத்தில் ஒன்றரை மீற்றர் உருக்குத் தண்டு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் நீளும். உருக்கு வேர்னியர் பொருளோடு சேர்ந்து தானும் விரிவதால் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்கேனர் அவ்வாறு விரிந்துகொடுக்காது; பொருளின் வெப்பநிலையை மென்பொருளில் பதிந்து திருத்த வேண்டும். வெயிலில் ஒரு பக்கம் சுட்டுக்கிடந்த பாகமானால், நிழலில் பல மணிநேரம் ஆறவிடாமல் அளப்பதில் பயனில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விலை பேசுமுன் கருவியை உங்கள் பட்டறைக்கே வரவழையுங்கள். முன்பே மைக்ரோமீற்றரால் அளந்து குறித்துவைத்த பெரிய பாகமொன்றை நடுப்பகலில் சில தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் தன் இடத்தை அறியப் பொருளின் மீது ஒட்டும் சிறு குறிவில்லைகளை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். வரும் எண்கள் தமக்குள்ளும், மைக்ரோமீற்றர் அளவிலிருந்தும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே, விளம்பரத்தாளில் உள்ளதைவிட உங்களுக்குரிய துல்லியம். வார்ப்பு வேலை எப்போதாவது மட்டுமே வருமானால், வாடகைக்கு ஸ்கேன் செய்விப்பது போதும்.