முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. ஆறு மாதமாகப் போட்டோ என்றாலே ஓடுகிறாள். வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் டியூஷன் போகிறாள், லஞ்ச் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் "என்ன இப்படிப் பெருத்துட்டா?" என்று கேட்க, நானும் சிரித்துக்கொண்டே "சொன்னாக் கேட்டாத்தானே" என்றேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேச்சில்லை. அவளுக்குத் தன்னம்பிக்கை வருகிற மாதிரி ஒரு நல்ல படம் சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கிறோம்.
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: படம் சொல்கிறேன், ஆனால் முதல் படம் உங்களுக்கு. அவள் டியூஷன் போயிருக்கும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

2002-இல் வந்த 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்'. ஜோசஃபினா லோபஸின் நாடகத்தை வைத்து பாட்ரீசியா கார்டோசோ எடுத்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மெக்சிகோ குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்த அனா, அக்கா நடத்துகிற சின்னத் தையல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு கவுன் தைத்தால் இவர்களுக்கு 18 டாலர், பெரிய கடையில் அதே கவுன் 600 டாலர். அனாவைக் குண்டு குண்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பது வேறு யாருமில்லை, அவள் அம்மா கார்மென்தான். கெட்டவள் என்று அவளைச் சொல்ல முடியாது, தையல் மெஷினிலேயே ஆயுசைக் கழித்தவள், மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலையில் தட்டைப் பார்க்கிறாள், நடையைத் திருத்துகிறாள், எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டுகிறாள். உங்கள் கடிதத்தில் அந்தக் கல்யாண வீட்டு வரியைப் படித்ததும் எனக்குக் கார்மென் ஞாபகம்தான் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அதில் ஒரு காட்சி. பட்டறையில் வேகிற புழுக்கம், துணியில் தூசி படியும் என்று ஃபேன் போட முடியாது. அனா சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு வேலை பார்க்கிறாள். மற்றவர்களும் தயங்கித் தயங்கிக் கழற்றி, தொடையில் விழுந்த சதையையும் வயிற்றுத் தழும்புகளையும் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்க, அம்மாவுக்கு மட்டும் அது தாங்காமல் வெளியே போய்விடுகிறாள். எனக்குப் பதினான்கு வயதில், ஜாக்கெட் தைக்கப் போன கடையில் டெய்லர் என் அளவைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல ஒரு பையன் நோட்டில் எழுதினான், பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். டேப்பின் பித்தளை முனை ஜில்லென்று பட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்து நான் அழுதது அதனால்தான்.

கடைசியில் அனா கல்லூரிக்காக நியூயார்க் கிளம்புகிறாள், அறைக்குள் இருக்கும் அம்மா கதவைத் திறந்து வழியனுப்ப வரவில்லை. அந்த மூடிய கதவு உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்பதுதான் என் கவலை. (அம்மாவாக நடித்த லூப்பே ஒன்டிவெரோஸ், மகளாக நடித்த அமெரிக்கா ஃபெரேரா இருவருக்கும் சேர்த்தே சன்டான்ஸ் விழாவில் நடிப்புக்கான சிறப்பு விருது கொடுத்தார்கள்.) படத்தில் ஒரு காதல் பகுதியும் உண்டு, அதை அவளோடு பார்க்கலாமா என்பதை நீங்களே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் 'எய்த் கிரேடு', 2018, போ பர்னம் இயக்கியது. பதின்மூன்று வயது கைலா தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று யூடியூபில் வீடியோ போடுகிறாள், பார்க்கத்தான் ஆளில்லை. வகுப்புத் தோழியின் நீச்சல்குளப் பார்ட்டியில் பாத்ரூமுக்குள் நின்று மூச்சுத் திணறுகிறாள், பிறகு பச்சை நீச்சலுடையில் தோளைக் குறுக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். வெயிலில் ஸ்வெட்டர் ஏன் என்பது உங்களுக்கு அங்கே புரியும். கைலாவாக நடித்த எல்ஸி ஃபிஷரின் முகப்பருவை மேக்கப் போட்டு மறைக்கவில்லை, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஆறுதல். அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு பெரிய பையன் காருக்குள் அவளை வற்புறுத்துகிற காட்சி இருக்கிறது, ஆகவே இதையும் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

சேர்ந்து பார்க்க 'டர்னிங் ரெட்' போதும். 2022-இல் வந்த பிக்ஸார் அனிமேஷன், டோமீ ஷி இயக்கியது. டொரான்டோவில் பதின்மூன்று வயதுப் பெண் உணர்ச்சிவசப்பட்டால் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள், அம்மா நாப்கின் பாக்கெட்டோடு பள்ளி ஜன்னலில் வந்து நின்று மானத்தை வாங்குகிறாள். இரண்டு பேருமே சிரிப்பீர்கள். ஆனால் நடுவில் நிறுத்தி "பாத்தியா, உன்னை மாதிரியே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அட்வைஸ் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாள்.

தமிழில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா எடை போட்டு நடித்தது நல்ல விஷயம்தான், ஆனால் அது கல்யாண வயதுப் பெண்ணின் கதை. பள்ளிக்கூடத்துக் குண்டுப் பெண்ணை நம் படங்கள் பெரும்பாலும் காமெடிக்குத்தான் கூப்பிட்டிருக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாத்தனாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு விஷயம், இதைத் தள்ளிப் போடாதீர்கள். பாதி லஞ்ச் பாக்ஸ் திரும்பி வருவதைச் சும்மா விடக் கூடாது. மயக்கம், மாதவிலக்கு தள்ளிப்போவது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்வது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், "உடம்பைக் குறைக்க" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். மனசு விட்டுப் பேச அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம்.

சரி, படத்துக்கு முன்னால் ஒரு வேலை. இன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்குக் கல்யாணத்துல நான் அப்படிச் சொன்னது தப்பும்மா, அத்தைகிட்டயும் சொல்லிடறேன்" என்று சொல்லுங்கள். அவள் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கே நாத்தனாருக்குப் போன் போடுங்கள், மகள் காதில் விழுகிற தூரத்தில்.