பதில்: ஏற்காட்டில் ஜேட் கொடி பூக்கவில்லை

வணக்கம். நீலப்பச்சைப் பூச்சரம் தொங்கும் ஜேட் கொடிக்கு நான்கு வயது, யூரியா போட்டும் மொட்டே இல்லை, மார்கழியில் இலை மஞ்சளாகிறது, ஆடிதோறும் வெட்டி விடுகிறீர்கள். வௌவால் இல்லாததுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வௌவாலை விடுங்கள். அது காய் பிடிக்கத்தான் தேவை, பூக்க இல்லை. கொடியின் சொந்த ஊரான பிலிப்பைன்ஸ் மழைக்காடுகளில் வௌவால் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும்போது மகரந்தம் சேர்கிறது. காடு அழிய அழிய அங்கே கொடியும் அருகி வருகிறது. 1995-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் மனிதர்களே கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார்கள்.

உங்கள் சிக்கல் கத்தரிக்கோல்தான் என்று நினைக்கிறேன். முற்றிய தண்டில்தான் பூச்சரம் வரும். நீங்கள் அதையே வெட்டிவிடுகிறீர்கள். இரண்டு வருடம் தொடாதீர்கள். பிறகு வெட்டினாலும் பூ முடிந்த கையோடு, காய்ந்ததை மட்டும். யூரியாவும் வேண்டாம்; இது அவரைக் குடும்பம், யூரியா தரும் தழைச்சத்தை (நைட்ரஜன்) வேர் முடிச்சு மூலம் ஓரளவு தானே தேடிக்கொள்ளும். மக்கிய தொழு உரம் போதும்.

அடுத்தது குளிர். 15 டிகிரிக்குக் கீழே போனால் இதற்கு ஆகாது, ஏற்காட்டில் மார்கழி இரவுகள் அதைவிடக் குளிரும். காற்று அடிக்காத சுவரோரமாகப் பந்தலைத் திருப்பிவிடுங்கள், வேரடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவதுபோல் இதையும் ஏற்றிவிட்டால் பூ உச்சியில் போய்விடும், கழுத்துதான் வலிக்கும். ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டால் அந்த நீலப்பச்சைச் சரம் கண்ணெதிரே தொங்கும்.

சேலம் வீட்டுக்கு மாற்றலாமா என்றால், வேண்டாம். சித்திரை வெயிலும் வறண்ட காற்றும் குளிரைவிட மோசம்.