ஸ்கா பங்க் என்ற இசை, ஜமைக்காவின் துள்ளல் இசையான ஸ்காவா, வேகமும் இரைச்சலுமான ராக் வகையான பங்க்கா? ஸ்காவில் வழக்கமாக ஒலிக்கும் ஊதுகருவி இல்லாவிட்டால் அந்தப் பெயர் பொருந்துமா?

பொருந்தும். ஸ்காவின் உயிர் ஊதுகருவியில் இல்லை. தாளத்தின் அடிகளுக்கு நடுவே வெட்டி விழும் கிட்டாரில் இருக்கிறது. 1950களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த வெட்டு அது. 1987இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தொடங்கிய ஆபரேஷன் ஐவி குழுவின் நால்வரில் ஒருவர்கூட டிரம்பெட்காரர் இல்லை. அதை ஸ்கா பங்க் இல்லை என்று யார் சொல்வார்கள்? பாஸ்டனின் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழுவோ ஊதுகருவிகளோடு, பங்க்கின் இன்னும் கடுமையான வடிவமான ஹார்ட்கோரைக் கலந்தது. அதற்கு 'ஸ்கா-கோர்' என்று இன்னொரு பெயர். மேடையில் ஆடுவதற்கென்றே பென் கார் என்ற உறுப்பினரும் அதில் இருந்தார் (எனக்குப் பிடித்த வேலை!).

நேரில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சரணத்தில் கூட்டம் முழங்கால் தூக்கித் துள்ளும். கிட்டார் இரைச்சலாக மாறியதும் அதே கூட்டம் முட்டி மோதும்.