புக்கிங் பணம் எப்போது திரும்பி வரும்?

கேள்வி: கம்பெனி வெப்சைட்டில் 5,000 ரூபாய் கட்டி மின்சார ஸ்கூட்டர் புக் செய்தேன். டெலிவரி தேதியை மூன்று முறை தள்ளினார்கள், ரத்து செய்துவிட்டேன். "ஏழு வேலை நாளில் பணம் வரும்" என்றார்கள். மூன்று மாதம் ஆகிறது. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் தருகிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இந்தப் புகார் எண் விவகாரத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பழைய புகாரை முடித்ததாகக் கணக்குக் காட்டிப் புதிதாக ஒன்றைத் திறந்தால், உங்கள் மூன்று மாதக் காத்திருப்பு அவர்கள் கணினியில் நேற்று வந்த புகாராகிவிடும். மகளுக்கு நான் ஆன்லைனில் வாங்கிய கியர் சைக்கிள் பின் சக்கரம் வளைந்து வந்தது. அதைத் திருப்பி எடுக்கவே ஆறு வாரம். அதுவரை திண்ணையில் சாத்தி வைத்திருந்தோம், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மணியை மட்டும் அடித்துவிட்டு உள்ளே போவாள். பணத்துக்கு மேலும் இரண்டு மாதம், பதினொரு புகார் எண்கள், ஒவ்வொன்றுக்கும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ். என்ன தீர்ந்தது? எல்லா எண்களையும் தேதி போட்டு ஒரே மின்னஞ்சலில் எழுதி, அந்தக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். ஆன்லைனில் விற்பவர்களுக்கான 2020 விதிகளின்படி அந்த அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் வெப்சைட்டில் இருக்க வேண்டும்; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதிந்துவிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்.

கேள்வி: எனக்கும் பணம் வரவில்லை, எழுதியும் பார்த்துவிட்டேன். கம்பெனி இருப்பது பெங்களூருவில். அங்கே போய் வழக்குப் போடணுமா? (ஓசூர் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணத்தோடு வட்டியையும், பட்ட அலைச்சலுக்கு நஷ்டஈட்டையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு வருடம் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: ஷோரூம் பையன் கேட்டான் என்று அவன் சொந்த நம்பருக்கு 10,000 ரூபாய் யுபிஐ-யில் அனுப்பினேன். ரசீது இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: ரசீது கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் பத்தாயிரத்தை எப்படி அனுப்பினீர்கள்? சரி, யுபிஐ விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அச்செடுத்து ஷோரூம் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கைவிரித்தால் போலீஸ்.

கேள்வி: நிறம் பிடிக்கவில்லை, பைக்கைத் திருப்பி எடுப்பார்களா?

பதில்: மாட்டார்கள்.

கேள்வி: பார்ட்ஸ் வரவில்லை என்று என் வண்டி 40 நாளாக சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. இஎம்ஐ-யை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு, வண்டி விற்றவர் வேறு. சிபில் மதிப்பெண்ணில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் எண்) அடி வாங்குவது நீங்கள்தான். வண்டி விட்ட தேதி போட்ட ஜாப் கார்டு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக் காலையிலேயே போய் அதன் நகலை வாங்கிவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.