மண்ணில் தொடங்கிய பிளவு: மூலதனமும் காலநிலையும் குறித்த கேள்வி பதில்

கேள்வி: மார்க்ஸ் வாழ்ந்த நாளில் புவி வெப்பமாதல் பேசுபொருளே அல்ல. இன்றைய சிக்கலுக்கு அவரிடம் விடை தேடுவது பொருந்துமா, தோழரே?

பதில்: அவர் எழுதியது மண்ணைப் பற்றி, அங்கிருந்து தொடங்குவதே சரி என்று நான் கருதுகிறேன். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளைப் படித்த மார்க்ஸ், கிராமத்தில் விளைந்த தானியமும் கம்பளியும் நகரத்துக்குப் போனபின் அவற்றோடு போன சத்துகள் வயலுக்குத் திரும்புவதில்லை என்பதையும், லண்டனின் 45 லட்சம் மக்களின் கழிவு உரமாகாமல் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதையும் 'மூலதனம்' நூலில் சுட்டிக்காட்டினார். இழந்த சத்தை ஈடுகட்ட, 1840களிலிருந்து பெரு நாட்டின் சின்சா தீவுகளில் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தைப் பிரிட்டன் இறக்குமதி செய்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள் அதை வெட்டினார்கள். அவர்கள் பட்ட கொடுமையை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த குவியல் சுமார் 30 ஆண்டுகளில் தீர்ந்தது. அடுத்து, தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் உரத்துக்காக வெட்டப்பட்ட வெடியுப்பு (நைட்ரேட்) வந்தது. அதற்காக 1879இல் சிலி, பெருவோடும் பொலிவியாவோடும் போரிட்டது. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாத அந்தப் பிளவு மூடப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த கரிமத்தை இரு நூற்றாண்டுகளில் காற்றில் கலந்ததும் இதே போக்கின் தொடர்ச்சிதான்.

கேள்வி: பொருளாதார நெருக்கடியில் உற்பத்தி சுருங்கினால் உமிழ்வும் குறையும் அல்லவா?

பதில்: குறையும், ஆனால் நிலைக்காது. 2008 நெருக்கடிக்குப் பின் 2009இல் உலகின் கரியமில வாயு உமிழ்வு 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்தது. 2010இல் 5 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. விற்க முடியாத சரக்கும் முதலிட வழியில்லாத பணமும் தேங்குவதே நெருக்கடி என்பதால், புதிதாக எதையாவது கட்டியும் விற்றும்தான் மூலதனம் அதிலிருந்து மீள்கிறது. சீன அரசு அறிவித்த 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத்திட்டத்தில் பெரும்பங்கு கட்டுமானத்துக்கே போயிற்று. கட்டுமானம் என்றால் எஃகும் சிமெண்டும், அவற்றின் பின்னே நிலக்கரியும். வேலை இழந்த தொழிலாளியின் துயரம் பூமிக்கு எந்த நன்மையையும் சேர்க்கவில்லை.

கேள்வி: எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயந்திரங்கள் தீர்வாகாவா?

பதில்: சிக்கனமான நீராவி எந்திரங்கள் வந்தபின் பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாடு கூடியதை 1865லேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் காட்டினார், அவர் மார்க்சியர் அல்லர். மிச்சமான செலவு லாபமாகி மறுபடியும் முதலீடாவது தொடரும்வரை, இயந்திரத்தின் திறன் மட்டும் போதாது.

கேள்வி: சோசலிச நாடான சோவியத் ஒன்றியமே மத்திய ஆசியாவின் ஆரல் கடலை வற்றவைத்ததே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: மறுக்க மாட்டேன். பருத்தி இலக்கை எட்டுவதற்காக 1960களிலிருந்து ஆரலில் கலந்த அமு தாரியா, சிர் தாரியா நதிகளின் நீர் பெருமளவில் திருப்பப்பட்டு, உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது சிதைந்தது. உடைமை அரசின் கைக்கு மாறியபோதும், எவ்வளவு விளைவிப்பது, எவ்வளவு நீரை விட்டுவைப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அங்கே வாழ்ந்தவர்களிடம் வரவில்லை. ஆரல் கரையில் இருந்த மொய்னாக் துறைமுகத்தின் மீனவர்களை யாரும் கேட்கவில்லை; அவர்களுடைய படகுகள் இன்றும் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன.