மிக்கி மேஜைக்கே வரும் சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

ஃப்ளோரிடாவில் ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளோடு போகத் திட்டமிடும் வாசகர்கள், அங்குள்ள ‘கேரக்டர் டைனிங்’ (டிஸ்னி கதாபாத்திரங்கள் மேஜைக்கே வந்து சந்திக்கும் சாப்பாடு) பற்றிக் கேட்ட கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: பூங்காவுக்குள் நடந்தாலே மிக்கியைப் பார்க்கலாம். அப்படியிருக்க, தனியாகப் பணம் கட்டிக் கேரக்டர் டைனிங் போக வேண்டுமா?

பூங்காவுக்குள் ஒரு கதாபாத்திரத்தைப் பார்க்க அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். கூட்டமான நாளில் ஒரு மணி நேரமும் ஆகும். நான்கு பேரைப் பார்க்க நினைத்தால் அரை நாள் அதிலேயே போய்விடும். கேரக்டர் டைனிங்கில் நீங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான்கைந்து கதாபாத்திரங்கள் முறை வைத்து உங்கள் மேஜைக்கே வருவார்கள். பணம் பெரும்பாலும் அந்த வசதிக்குத்தான் போகிறது. சாப்பாடு சுமார் ரகம் முதல் நல்ல ரகம் வரை இருக்கும். விலைக்கேற்ற ருசியை எதிர்பார்க்காதீர்கள்.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 வயது நிறையாத குழந்தைக்கு பஃபேயிலும், மேஜைக்குக் கொண்டுவந்து பொதுவாகப் பரிமாறும் இடங்களிலும் கட்டணம் இல்லை. 3 முதல் 9 வயது வரை சிறுவர் கட்டணம். 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம்தான். காலை உணவு பெரியவருக்கு 55 டாலர், சிறுவருக்கு 35 டாலர் என்று வையுங்கள். அப்பா, அம்மா, 5 வயதுக் குழந்தை மூவருக்கும் 145 டாலர். இதன் மேல் விற்பனை வரி 6.5 சதவீதம், டிப்ஸ் 18 சதவீதம். பில் ஏறக்குறைய 180 டாலரில் வந்து நிற்கும். விலைப்பட்டியலில் வரியும் டிப்ஸும் சேர்ந்திருக்காது என்பதால் பலர் 145 என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். 6 பேரும் அதற்கு மேலும் உள்ள குழுவுக்கு 18 சதவீத டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதைப் பார்க்காமல் இரண்டாவது முறை டிப்ஸ் வைத்துவிடாதீர்கள்.

குழந்தைக்குக் கதாபாத்திரங்கள் மேல் பெரிய ஆசை இல்லையென்றால் இது வேண்டாம். ஆசை இருந்தால், முழுப் பயணத்துக்கும் ஒன்று போதும். இரண்டாவதில் அதே மிக்கியும் டொனால்டும் வேறு சட்டையில் வருவார்கள்.

கேள்வி: முன்பதிவு எப்போது திறக்கும்? இந்தியாவிலிருந்து எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?

சாப்பிடும் தேதிக்கு 60 நாள் முன்பு திறக்கும். ஜூன் 15-ஆம் தேதிக்கு வேண்டுமென்றால் ஏப்ரல் 16. இணையத்தில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 6 மணிக்குத் திறக்கிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் நமக்கு அது மாலை 3.30, மற்ற மாதங்களில் மாலை 4.30. இந்த வித்தியாசம் தெரியாமல் கோடையில் நாலரைக்கு உட்காருபவர்கள், ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் மிச்சம் மீதியைப் பார்ப்பார்கள்.

டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் அறை எடுத்திருந்தால் ஒரு சலுகை உண்டு. அந்த ஹோட்டலில் தங்கத் தொடங்கும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கியிருக்கும் 10 நாள் வரைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதிவு செய்யலாம். ஐந்தாம் நாள் சாப்பாட்டை மற்றவர்களைவிட நான்கு நாள் முந்திப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். ஆகவே, கிடைப்பதற்கு அரிய இடத்தைப் பயணத்தின் கடைசி நாள்களில் போடுங்கள். முதல் நாளில் போட்டால் அந்தச் சலுகை வீணாகிறது. வெளியே தங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

முந்தின நாளே செய்து வைக்க வேண்டியவை: ‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ ஆப்பில் கணக்குத் தொடங்கி, கூட வருபவர்கள் பெயர்களையும் கிரெடிட் கார்டையும் ஏற்றிவிடுங்கள். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் இணையப் பரிவர்த்தனையும் திறந்திருக்கின்றனவா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். மேஜை கையில் வந்த பிறகு கார்டு மறுக்கப்பட்டால் திரும்பத் தேடும் நேரத்தில் அது போய்விடும். கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டணம் இல்லையே என்று விட்டுவிட்டால் அங்கே நாற்காலிக்குத் தவிப்பீர்கள்.

கேள்வி: இடங்கள் நிறைய இருக்கின்றன. 4 வயது மகளுக்கு எது பொருந்தும்?

முதலில் அவளிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மேஜிக் கிங்டம் பூங்காவின் கோட்டைக்குள் சாப்பிடுவது பெரிய பெயராக இருக்கலாம்; ஆனால் பிள்ளைக்குப் பிடித்தது கூஃபி என்றால் அங்கே கூஃபி வரமாட்டார்.

மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, புளூட்டோ ஐவரும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கன்டெம்பரரி ஹோட்டலில் உள்ள ‘ஷெஃப் மிக்கீஸ்’. பஃபே, இரைச்சல் அதிகம். மேஜிக் கிங்டம் வாசலிலிருந்து சுமார் பத்து நிமிட நடைதான், மோனோரயிலும் உண்டு. வின்னி த பூ, டிகர், பிக்லெட், ஈயோர் என்றால் மேஜிக் கிங்டத்துக்குள் ‘கிறிஸ்டல் பேலஸ்’. இளவரசிகள் என்றால் இரண்டு: கோட்டைக்குள்ளேயே இருக்கும் ‘சிண்டரெல்லாஸ் ராயல் டேபிள்’, எப்காட் பூங்காவில் நார்வே பகுதியில் உள்ள ‘ஆக்கர்ஷஸ்’. முதலாவது எல்லாவற்றிலும் விலை கூடிய வரிசையில் வரும். இரண்டாவது பற்றி ஓர் எச்சரிக்கை: நார்வே என்றதும் ‘ஃப்ரோசன்’ படத்தின் எல்சாவும் ஆனாவும் அங்கே வருவார்கள் என்று நினைத்துப் பதிவு செய்கிறார்கள். அவர்கள் இருவரும் அந்த உணவகத்துக்கு வருவதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு சந்திப்புக் கூடத்தில் இருப்பார்கள். குழந்தைக்கு இதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தேர்வு, கூச்ச சுபாவமுள்ள சின்னக் குழந்தைக்கு, எப்காட்டின் ‘கார்டன் கிரில்’. இடம் சிறியது, தரை மெல்லச் சுழலும், கீழே ‘லிவிங் வித் த லேண்ட்’ படகுச் சவாரியின் காட்சிகள் தெரியும். விவசாயி உடையில் மிக்கி, கூடவே புளூட்டோ, சிப், டேல். சாப்பாட்டை மேஜைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவதால் தட்டோடு ஓட வேண்டியதில்லை. இடம் சிறியது என்பதால் கதாபாத்திரங்கள் சுற்றி வரவும் அதிக நேரம் ஆகாது.

அனிமல் கிங்டம் பூங்காவுக்குப் போகிற நாளில் ‘டஸ்கர் ஹவுஸ்’ இருக்கிறது. டொனால்ட் சஃபாரி உடையில் வருவார். கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலின் ‘1900 பார்க் ஃபேர்’ 2024-இல் மறுபடி திறந்தது. சிண்டரெல்லா, டியானா, அலாதீன், மிராபெல் வருகிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அன்றைய நுழைவுச் சீட்டு வேண்டும். ஹோட்டலில் இருப்பவற்றுக்கு வேண்டாம். அதனால் பூங்காவுக்குப் போகாத ஓய்வு நாளில் ஹோட்டல் உணவகம் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. யார் வருவார்கள் என்பது மாறக்கூடியது என்பதால், பதிவு செய்யுமுன் உணவகத்தின் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஓஹானாவில் இரவுச் சாப்பாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஸ்டிச் வருமா?

வராது. பாலினீசியன் ஹோட்டலின் ஓஹானாவில் லிலோவும் ஸ்டிச்சும் காலை உணவுக்கு மட்டும்தான். பீச் கிளப் ஹோட்டலின் ‘கேப் மே கஃபே’, ரிவியெரா ஹோட்டல் மாடியில் உள்ள ‘டொபொலினோஸ் டெரஸ்’ இரண்டும் இப்படியே. இரவில் அவை சாதாரண உணவகங்கள். வில்டர்னஸ் லாட்ஜின் ‘ஆர்ட்டிஸ்ட் பாயின்ட்’ நேர் எதிர். ஸ்னோ வைட் இரவில்தான். அங்கே பொல்லாத ராணி மேஜைக்கு வரமாட்டார், சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அவர் இருக்கும் இடத்துக்கு நாம் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பதிவை இன்றே காலை உணவுக்கு மாற்றப் பாருங்கள்.

கேள்வி: காலை எத்தனை மணிக்குப் போடுவது?

பூங்காவுக்குள் இருக்கும் உணவகமானால் 8, 9 மணி வேண்டாம். பூங்கா திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் சவாரி வரிசைகள் குறைவு. அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நஷ்டம். சாப்பாடு முடிய எப்படியும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்தரையை ஒட்டிப் போட்டால் காலையும் மதியமும் ஒரே சாப்பாட்டில் முடிந்துவிடும். குழந்தைக்கு மட்டும் விடிந்ததும் ஒரு பழமோ பிஸ்கட்டோ கொடுத்துவிடுங்கள்.

வேறு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் போக்குவரத்தில் கவனம். ஒரு டிஸ்னி ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு நேர் பேருந்து கிடையாது. ஏதாவது ஒரு பூங்காவுக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கோ போய் அங்கிருந்து மாற வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் வாடகைக் கார் பிடியுங்கள். காரில் போனால் ஹோட்டல் வாசலில் காவலர் முன்பதிவைக் கேட்பார்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம், ஆனால் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே அந்தச் சொல்லில் முட்டையும் பாலும் அடக்கம். பதிவு செய்யும்போதே உணவுக் கட்டுப்பாடு பகுதியில் குறிப்பிட்டுவிட்டு, உட்கார்ந்தவுடன் பரிமாறுபவரிடம் ‘இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது; பால், தயிர் ஆகலாம்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். சமையல் கலைஞரோடு பேச வேண்டும் என்று கேட்கலாம். பஃபேயில் எது ஆகும், எது ஆகாது என்று விளக்குவார்கள். தேவையானதைத் தனியே செய்தும் தருவார்கள். மெனுவில் இலைக் குறி போட்டிருந்தால் அது முழுக்கத் தாவர உணவு.

ஏமாற்றுவது காய்கறி போலத் தெரிபவைதான். அவித்த பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். உருளைக்கிழங்கு மசியல் மேல் ஊற்றும் குழம்பு இறைச்சிக் குழம்பாக இருக்கலாம். மிக்கி வடிவ வாஃபிளிலும் பான்கேக்கிலும் முட்டை உண்டு. முட்டை இல்லாத வாஃபிள் பல இடங்களில் கேட்டால் கிடைக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆகலாம். குடும்பமே சைவம் என்றால் பஃபேயைவிட, ஆளுக்கொரு உணவைத் தேர்ந்தெடுக்கும் டொபொலினோஸ் டெரஸ் மேல்: பஃபே கரண்டி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கவலை இல்லை.

கேள்வி: மகன் முகமூடி போட்டவர்களைக் கண்டாலே அலறுவான். என்ன செய்யலாம்?

இளவரசிகள் முகம் தெரிய வருவார்கள், பேசுவார்கள். மிக்கி, கூஃபி போன்றவர்கள் பேசவே மாட்டார்கள், உருவமும் ரொம்பப் பெரிது. படத்தில் பார்த்த மிக்கி கையளவு. எதிரே வருவது அப்பா உயரம். அதுதான் பயத்துக்குக் காரணம். மகனை நடைபாதையை ஒட்டி உட்கார வைக்காமல் உள்பக்கம், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள். கதாபாத்திரத்தோடு கூடவே ஓர் ஊழியர் வருவார். அவரிடம் ‘பயப்படுகிறான்’ என்று சொன்னால் தூரத்திலிருந்தே கையசைப்பார்கள். முதலில் அம்மா கைகொடுக்கட்டும். மடியில் தூக்கிக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு பேர் வந்து போன பிறகு பல பிள்ளைகள் தாமாகவே கை நீட்டுவார்கள், நீட்டாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கையெழுத்து, புகைப்படம், பஃபே எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?

எல்லோரும் ஒன்றாகத் தட்டெடுக்கப் போகக் கூடாது. காலி மேஜையைக் கதாபாத்திரம் தாண்டிப் போய்விடும். அடுத்த சுற்று வர முப்பது, நாற்பது நிமிடம் ஆகலாம். குழந்தையோடு ஒருவர் எப்போதும் மேஜையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் புத்தகம் பெரிய பக்கங்களோடு, பேனா தடிமனாக, மூடியைக் கழற்றித் தயாராக: கனமான கையுறையில் மெல்லிய பேனா நிற்காது. கேமராவில் ஃப்ளாஷை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள், அறைகளில் வெளிச்சம் குறைவு. யாராவது ஒருவர் வராமல் விட்டுப்போனால் பில் கேட்பதற்கு முன் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், அழைத்து வருவார்கள்.

கேள்வி: நாங்கள் தேடியபோது எல்லாமே நிரம்பிவிட்டது. இனி வழி உண்டா?

உண்டு. பெரும்பாலான உணவகங்களில் சாப்பாட்டு நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். வராமல் விட்டால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். அதனால் முந்தின நாள் இரவிலும் அன்று காலையிலும்தான் நிறைய மேஜைகள் விடுபடும். அந்த நேரங்களில் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள். 5 பேருக்குக் கிடைக்காவிட்டால் 6 பேருக்குத் தேடுங்கள், மேஜை அளவு ஒன்றேதான். அதுவும் இல்லையென்றால் 3, 2 என்று அடுத்தடுத்த நேரத்தில் இரண்டாகப் பிரித்துப் பிடித்து, வாசலில் சேர்த்து உட்கார வைக்கக் கேட்கலாம்; சேர்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை, பக்கத்துப் பக்கத்து மேஜை கிடைத்தாலே பெரிது.

கிடைத்துவிட்டால் 15 நிமிடம் முன்பே போய் ஆப்பிலோ வாசல் மேடையிலோ பதிவைக் காட்டுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் மேஜை கைவிட்டுப் போகலாம். வழியில் மாட்டிக்கொண்டால் உணவகத்துக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். முடிந்தவரை இடம் பார்த்துத் தருவார்கள்.